பருந்தின் இறக்கைக்குள் ஓடும் நரம்புகள்: ஓர் எளிய அறிமுகம்

இறக்கையைக் கீழே அடிக்க ஒரு தசை, மேலே தூக்க ஒரு தசை, இரண்டும் மாறி மாறி இயங்கினால் பறவை பறந்துவிடும். பள்ளியில் நாம் படித்தது பெரும்பாலும் இவ்வளவுதான். எலும்பையும் தசையையும் இறகையும் காட்டும் படங்கள் எத்தனையோ இருக்கின்றன. நரம்பைக் காட்டும் படம் அரிது. ஆனால் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கு மேலே செம்பருந்து ஒன்று இறக்கையை அடிக்காமல் வட்டமிடுகிறதே, அதை அந்தப் பாடத்தை மட்டும் வைத்து விளக்க முடியாது. இறக்கையை அசைக்காமல் விரித்து வைத்திருப்பதும் ஒரு வேலை. காற்று எந்த இறகை எவ்வளவு தள்ளுகிறது என்று ஒவ்வொரு கணமும் அறிந்து, எந்தத் தசையை எவ்வளவு இறுக்குவது என்று திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதைச் செய்பவை நரம்புகள்.

சிங்கப்பூரில் இரைகொல்லிப் பறவைகளுக்குக் குறைவில்லை. செம்பருந்தை நாம் கருடன் என்று கும்பிடுகிறோம். சிராங்கூன் ரோடு ஸ்ரீநிவாசப் பெருமாள் கோவிலோ வேறு எந்தக் கோவிலோ, குடமுழுக்கு என்றால் கூட்டத்தில் பலர் அண்ணாந்து கருடனைத் தேடுவோம். கடலோரத்திலும் நீர்த்தேக்கங்களிலும் வெண்வயிற்றுக் கடற்கழுகு பறக்கும். இறக்கையை விரித்தால் நுனிக்கு நுனி ஏறக்குறைய 2 மீட்டர். சூலியா ஸ்திரீட்டின் ஓசிபிசி கட்டடத்தில் பெரிகிரின் வல்லூறு ஜோடி ஒன்று கூடு கட்டியிருக்கிறது. அக்டோபர், நவம்பரில் தெலுக் பிளாங்கா மலைப் பூங்காவில் நின்றால் வடக்கேயிருந்து வலசை வரும் தேன்பருந்துகளைப் பார்க்கலாம். பாசிர் ரிஸ் பூங்கா ஆந்தைகளையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். உருவத்திலும் பறக்கும் விதத்திலும் இவை எவ்வளவு வேறுபட்டாலும், இறக்கை நரம்புகளின் அடிப்படை அமைப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவையும் பிடிபடும்.

இதைப் படிக்க மருத்துவப் பின்னணி தேவையில்லை. உங்கள் கையும், தேக்கா சந்தையில் வாங்கிய ஒரு முழுக் கோழி இறக்கையும் இருந்தால் போதும்.

உங்கள் கையிலிருந்து தொடங்குவோம்

வலது கையைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். தோளிலிருந்து முழங்கைவரை ஒரே எலும்பு. அது மேற்கை எலும்பு. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை இரண்டு எலும்புகள்: ரேடியஸ், அல்னா. அதற்கப்புறம் மணிக்கட்டு, உள்ளங்கை, விரல்கள். பருந்துக்கும் இதே வரிசைதான். வித்தியாசம் கடைசிப் பகுதியில் இருக்கிறது. பறவையின் கையில் விரல்கள் மூன்றாகக் குறைந்து, உள்ளங்கை எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து இறுகிவிட்டன. நமக்குக் கட்டைவிரல் இருக்கும் இடத்தில் அதற்கு ஒரு சின்ன விரல் தனியாக அசையும். அதிலிருந்து முளைக்கும் சிறு இறகுக் கொத்தை ஆலுலா என்கிறார்கள். பருந்து மெதுவாக இறங்கி மரத்தில் உட்காரும்போது இதைத் தூக்கும். வேகம் குறைந்த நேரத்தில் இறக்கையின் மேற்புறக் காற்றோட்டம் கலைந்து பறவை விழுந்துவிடாமல் இது காக்கிறது.

நீண்ட பறக்கும் இறகுகள் எங்கே ஒட்டியிருக்கின்றன என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெளி நுனியில் இருக்கும் பத்து இறகுகள் கை எலும்பில் பற்றியிருக்கும். உட்புற வரிசை அல்னாவில் பற்றியிருக்கும். அதனால்தான் பறவைகளில் ரேடியஸைவிட அல்னா தடிமன். இறகின் அடி எலும்பில் பற்றும் இடங்களில் சிறு புடைப்புகள்கூட இருக்கும். நரம்புகளும் இந்த ஏற்பாட்டுக்குத் தகுந்தபடியே போகின்றன.

எங்கே கிளம்புகின்றன

மூளையிலிருந்து இறக்கைக்கு நேரடி வழி கிடையாது. கட்டளை முதலில் முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடத்தில் இறங்குகிறது. தண்டுவடத்திலிருந்து இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாக நரம்பு வேர்கள் வெளியே வருகின்றன. கழுத்தின் அடிப்பகுதியிலும் மார்பின் தொடக்கத்திலும் வெளிவரும் நான்கைந்து வேர்கள்தான் இறக்கைக்கு உரியவை. மனிதர்களுக்கு ஐந்து. நமக்குக் கழுத்து எலும்புகள் ஏழு மட்டும். பறவைகளுக்கு அதைவிட அதிகம், அதுவும் இனத்துக்கு இனம் மாறும். அதனால் எத்தனையாவது எலும்புக்குப் பக்கத்தில் வேர் வெளிவருகிறது என்ற கணக்கு ஒரு கழுகுக்கும் ஒரு புறாவுக்கும் ஒத்துப்போகாது. இந்த எண்ணை மனப்பாடம் செய்வதில் பயனில்லை என்பது என் கருத்து. கழுத்து முடிந்து உடல் தொடங்கும் இடம் என்று இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அந்த இடத்தில் தண்டுவடமே சற்றுத் தடித்திருக்கும். இறக்கைத் தசைகளை இயக்கும் செல்களும், இறக்கையிலிருந்து வரும் செய்தியை வாங்கும் செல்களும் அங்கே குவிந்திருப்பதால் வந்த தடிப்பு அது. கால்களுக்கும் இப்படி ஒரு தடிப்பு பின்புறத்தில் உண்டு. நன்றாகப் பறக்கும் பறவைகளில் இறக்கைத் தடிப்பு பெரிது. பறக்காமல் ஓடும் நெருப்புக்கோழியில் கால் தடிப்பு பெரிது. தண்டுவடத்தை மட்டும் பார்த்தே ஒரு பறவை எதை நம்பி வாழ்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி.

வெளியே வந்த நான்கைந்து வேர்களும் நேராக இறக்கைக்குள் போவதில்லை. அக்குளின் உள்பக்கத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேர்கின்றன. இந்தச் சிக்கலான இடத்துக்குப் புய நரம்புப் பின்னல் என்று பெயர். டோபி காட் எம்ஆர்டி நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று தடங்களில் வரும் பயணிகள் அங்கே இறங்கிக் கலந்து, அவரவர் போக வேண்டிய தடத்தில் ஏறிக்கொள்கிறார்கள். பின்னலிலும் அப்படித்தான். ஒரே வேரில் கிளம்பிய நரம்பிழைகள் வெவ்வேறு நரம்புகளில் ஏறிக்கொள்ளும். வெவ்வேறு வேர்களில் வந்தவை ஒரே நரம்பில் சேர்ந்துகொள்ளும். இதனால் ஒரு பெரிய தசைக்கு இரண்டு மூன்று வேர்களிலிருந்து இழைகள் கிடைக்கின்றன. ஒரு வேர் மட்டும் கெட்டால் அந்தத் தசை பலவீனமாகும், ஆனால் ஒரேயடியாகச் செயலிழக்காது. பின்னலே அறுந்தால் கதை வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

மேற்புறத் தடம், கீழ்ப்புறத் தடம்

பின்னலை விட்டு வெளியே வரும்போது நரம்புகள் இரண்டு பெரிய கற்றைகளாகப் பிரிந்திருக்கும். ஒன்று இறக்கையின் மேற்புறத்துக்கு, அதாவது பறவை பறக்கும்போது வானத்தைப் பார்க்கும் பக்கத்துக்கு. இன்னொன்று தரையைப் பார்க்கும் பக்கத்துக்கு. மேற்புறக் கற்றை பெரும்பாலும் மூட்டுகளை நீட்டி இறக்கையை விரிக்கும் தசைகளுக்குப் போகிறது. கீழ்ப்புறக் கற்றை மூட்டுகளை மடக்கும் தசைகளுக்கும் பெரிய மார்புத் தசைக்கும் போகிறது. விரிப்பது மேலே, மடக்குவது கீழே: இந்த ஒரு விதி தெரிந்தால் பாதி உடற்கூறு கைக்கு வந்துவிட்டது.

மேற்புறக் கற்றையின் முக்கிய நரம்பு ரேடியல் நரம்பு. அது போகும் வழி கொஞ்சம் ஆபத்தானது. அக்குளில் தொடங்கி, மேற்கை எலும்பின் பின்பக்கமாகத் தசைகளுக்கு இடையே நுழைந்து, எலும்பைச் சுற்றியபடி சாய்வாக மேற்புறத்துக்கு வருகிறது. சுற்றி வரும் அந்த இடத்தில் நரம்புக்கும் எலும்புக்கும் இடையே மெத்தையாகத் தசை அதிகம் இல்லை. நரம்பு எலும்பை ஒட்டியே கிடக்கிறது. மனிதக் கையிலும் இதே சுற்று உண்டு. மேற்கை எலும்பு முறிந்தவர்களில் சிலருக்கு மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போவது இதனால்தான். பருந்திலும் மேற்கை எலும்பு முறிவுக்கு அறுவை செய்யும் கால்நடை மருத்துவர் முதலில் இந்த நரம்பைத் தேடிக் கண்டுபிடித்து மெல்ல ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் எலும்பைத் தொடுவார். அங்கிருந்து முன்கைக்கு இறங்கும் ரேடியல் நரம்பு, மணிக்கட்டையும் விரல்களையும் நீட்டும் தசைகளுக்குக் கிளை கொடுக்கிறது.

மேற்புறக் கற்றையிலிருந்து தோள்மூட்டுக்கும் அதன்மேல் இருக்கும் தசைக்கும் இன்னொரு நரம்பு போகிறது. அதற்கு ஆக்சிலரி நரம்பு என்று பெயர்.

கீழ்ப்புறக் கற்றையிலிருந்து ஒரு தடித்த நரம்பு மேற்கையின் உள்பக்கமாக, பெரிய ரத்தக் குழாய்களோடு சேர்ந்து ஓடுகிறது. போகப் போக மீடியன், அல்னார் என்று இரண்டாகிவிடும். மீடியன் முழங்கை மடிப்பின் வழியே முன்கைக்குள் நுழைந்து மடக்கும் தசைகளுக்கும் கைப்பகுதிக்கும் போகிறது. அல்னார் நரம்பு அல்னா எலும்பை ஒட்டி, அதாவது உட்புற இறகு வரிசை பற்றியிருக்கும் ஓரத்தை ஒட்டி ஓடுகிறது. முழங்கைக்குப் பக்கத்தில் தோலுக்கு அடியிலேயே ஒரு சிரை தெரியும். பறவைகளுக்கு ரத்தப் பரிசோதனை என்றால் பெரும்பாலும் அங்கேதான் ஊசி போடுவார்கள். நரம்பும் அதே இடத்தில் பக்கத்திலேயே ஓடுவதால் ஊசி பிடிக்கும் கை மிகவும் நிதானமாக இருக்க வேண்டும்.

மார்புத் தசைகளுக்குப் போகும் நரம்புகள் குட்டையானவை, ஆனால் தடித்தவை. பறவையின் உடலிலேயே மிகப் பெரிய தசை பெரிய மார்புத் தசை. இறக்கையைக் கீழே அடிப்பது அது. இறக்கையை மேலே தூக்கும் தசை முதுகில் இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் அதுவும் மார்பில்தான், பெரிய தசைக்கு அடியில் இருக்கிறது. சிக்கன் பிரெஸ்ட் வாங்கினால் உள்ளே தனியாகக் கழன்று வரும் நீளமான சதைத் துண்டு இருக்குமே, அதுதான். அதில் வெள்ளையாக ஒரு தசைநாண் நீட்டிக்கொண்டிருக்கும். சமைக்கும்போது இழுத்து எறிந்துவிடுவோம். அந்தத் தசைநாண் தோளில் மூன்று எலும்புகள் சேருமிடத்தில் உள்ள ஒரு துளை வழியாக மேலே ஏறி, மேற்கை எலும்பின் மேற்புறத்தில் பற்றுகிறது. கீழேயிருந்து தசை இழுக்க, துளையின் வழியாகத் திசை மாறி, இறக்கை மேலே எழும்புகிறது. இந்தத் தசைக்கென்று பின்னலிலிருந்து ஒரு தனி நரம்பு போகிறது.

கோழி இறக்கையில் பார்க்கலாம்

கோழி இரைகொல்லி அல்ல, உண்மை. ஆனால் நரம்பு போகும் வழி ஒன்றுதான் என்பதால் பழகுவதற்கு அதைவிட எளிதாகக் கிடைக்கும் பொருள் இல்லை. பருந்தையோ ஆந்தையோ அறுத்துப் பார்க்க நமக்கு வாய்ப்பும் இல்லை, அனுமதியும் இல்லை. வெட்டாத முழு இறக்கையாக, தோலோடு கேளுங்கள். நடுவில் வெட்டிக் கொடுத்துவிட்டால் பாதை அறுந்துவிடும்.

உள்பக்கம் மேலே தெரியும்படி வைத்து, மேற்கையின் தோலை நீளவாக்கில் கீறி உரியுங்கள். இரண்டு தசைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தை விரலால் மெல்ல விலக்கினால் ரத்தக் குழாயோடு சேர்ந்து வெள்ளையாக ஓர் இழை தெரியும். அது நரம்பா, தசைநாணா என்று பலருக்கும் குழப்பம் வரும். தசைநாண் பளபளப்பாகவும் விறைப்பாகவும் இருக்கும். ஒரு முனையில் தசையில் கரைந்து மறு முனையில் எலும்பில் போய் முடியும். அதை இழுத்தால் ஏதாவது ஒரு மூட்டு அசையும். நரம்பு மங்கிய வெள்ளை, தொட்டால் மிருது. போகும் வழியில் கிளை கிளையாகப் பிரிந்து தசைக்குள் நுழைந்துவிடும். இழுத்தால் எதுவும் அசையாது. இப்படி முழங்கை மடிப்புவரை பின்தொடர்ந்தால் மீடியன் நரம்பைப் பிடித்துவிட்டீர்கள்.

அப்புறம் இறக்கையைத் திருப்பிப் போட்டு, மேற்கையின் மேற்புறத் தோலை உரித்துத் தசையை ஒதுக்குங்கள். எலும்பின் நடுப்பகுதிக்குக் கொஞ்சம் கீழே சாய்வாகக் குறுக்கே ஓடும் இழை ரேடியல். இதைத் தேடும்போது அவசரப்பட்டால் கத்தி அதையே அறுத்துவிடும். பிள்ளைகளோடு செய்வதாக இருந்தால் மேற்கைக்குக் கத்தி வேண்டாம். மழுங்கிய குச்சியும் விரலும் போதும். அறிவியல் பாடம் என்று தனியாகப் போதிக்காமல், கறிக்கு இறக்கையைச் சுத்தம் செய்யும் நேரத்திலேயே இதைக் காட்டலாம். முடிந்ததும் பலகையையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். தோலை உரிக்காத இறக்கை ஒன்றில் முழங்கையை மட்டும் பிடித்து விரியுங்கள். மணிக்கட்டும் தானாக விரியும். முழங்கையை மடக்கினால் மணிக்கட்டும் மடங்கும். ரேடியஸும் அல்னாவும் ஒன்றின்மேல் ஒன்று சறுக்குவதாலும், தோளிலிருந்து மணிக்கட்டுவரை முன் ஓரத்தில் ஓடும் தோல் மடிப்பும் அதற்குள் இருக்கும் தசைநாணும் இழுப்பதாலும் இது நடக்கிறது. இதனால் நரம்புகளுக்குப் பெரிய சுமை குறைகிறது. விரி என்ற ஒரே கட்டளைக்கு இரண்டு மூட்டுகள் கீழ்ப்படிகின்றன. நரம்பின் கவனம் முழுக்க நுட்பமான திருத்தங்களுக்குக் கிடைக்கிறது.

செய்தி திரும்பி வரும் வழி

நரம்பு என்றதும் கட்டளை போகும் வழி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இறக்கை நரம்புகளில் செய்தி திரும்பி வரும் இழைகளும் ஏராளம். என்னைப் பொறுத்தவரை இந்தத் தலைப்பில் மிகவும் வியப்பான பகுதி இதுதான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு வட்டமிடும் பருந்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

இறகு உயிரற்ற பொருள். நம் நகத்தைப் போல அதற்கும் உணர்ச்சி கிடையாது. ஆனால் இறகின் அடி தோலுக்குள் புதைந்திருக்கும் குழியைச் சுற்றி நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. அவற்றில் முக்கியமானவை ஹெர்ப்ஸ்ட் நுண்ணுறுப்புகள். வெங்காயச் சருகுபோல் அடுக்கடுக்கான உறைகளுக்கு நடுவில் ஒரு நரம்பு முனை இருக்கும். அதிர்வை உணர்வது இவற்றின் வேலை. காற்று இறகின்மேல் ஓடும்போது இறகு நுண்ணியதாக அதிர்கிறது. அதிர்வு அடிக்குப் போகிறது. நரம்பு முனை அதைத் தண்டுவடத்துக்கு அனுப்புகிறது.

பறக்கும் இறகுகளின் அடியில் மயிரிழை அளவே இருக்கும் இன்னொரு வகை இறகும் உண்டு. தண்டு மெல்லியது, நுனியில் மட்டும் சிறு தூவி. ஃபிலோபுளூம் என்று பெயர். பறப்பதற்கும் உடல் சூட்டுக்கும் அதனால் பயனில்லை. பக்கத்துப் பெரிய இறகு கொஞ்சம் நகர்ந்தாலும் இது ஆடும். இதன் அடியைச் சுற்றியிருக்கும் நரம்பு முனைகள் அதை உணரும். எந்த இறகு எந்த நிலையில் இருக்கிறது, எது கலைந்திருக்கிறது என்று பறவை அறிவதற்கு இது ஒரு வழி.

1993ல் வெளியான ஓர் ஆய்வில், மயக்க மருந்து கொடுத்த கோழிகளின் ரேடியல் நரம்பில் மின்முனை பொருத்தி, இறக்கையின்மேல் காற்றைச் செலுத்திப் பார்த்தார்கள். காற்றின் வேகத்துக்கு ஏற்ப நரம்பிலிருந்து வந்த துடிப்புகளின் எண்ணிக்கை மாறியது. ஆலுலா இறகு அசைந்தபோதும் துடிப்புகள் வந்தன. அதிகம் பறக்காத கோழிக்கே இப்படியென்றால், நாள் முழுக்கக் காற்றிலேயே வாழும் செம்பருந்துக்கு இந்த உணர்வு எவ்வளவு முக்கியமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதெல்லாம் எவ்வளவு விரைவாக நடக்கிறது? தோராயமாக ஒரு கணக்குப் போடலாம். கடற்கழுகின் தோளிலிருந்து மணிக்கட்டுவரை நரம்பின் நீளம் 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சைகை வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் போகிறது என்றும் வைத்துக்கொள்வோம். போய்ச் சேர ஒரு வினாடியில் 125ல் ஒரு பங்கு நேரம். காற்று மாறியதை உணர்ந்த செய்தி உள்ளே போய், திருத்தம் வெளியே வர, போகும் நேரமும் வரும் நேரமும் சேர்த்து ஒரு வினாடியில் ஏறக்குறைய 60ல் ஒரு பங்கு. தண்டுவடத்தில் ஆகும் தாமதத்தையும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். பல திருத்தங்கள் மூளைவரை போய்த் திரும்பத் தேவையில்லாமல் தண்டுவடத்திலேயே முடிந்துவிடுகின்றன. பெரிகிரின் வல்லூறு மணிக்கு 300 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் பாய்ந்து இறங்கும்போது, இந்தச் சின்ன நேரத்துக்குள் அது ஒரு மீட்டருக்கு மேல் கடந்துவிடும். அப்போதும் அதன் இறக்கை தடுமாறுவதில்லை.

வட்டமிடுவதற்குத் தசையின் பக்கத்திலும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அமெரிக்காவின் டர்க்கி வல்ச்சர் என்ற பிணந்தின்னிக் கழுகின் மார்புத் தசையில், உள்ளடுக்கில் மெதுவாகச் சுருங்கி நீண்ட நேரம் தாங்கும் நார்கள் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அடித்துப் பறக்க வேகமான நார்கள், விரித்தபடி பிடித்துக்கொள்ள மெதுவான நார்கள். எந்த நேரத்தில் எவற்றை இயக்குவது என்ற தேர்வு நரம்பின் கையில் இருக்கிறது.

இறக்கை தொங்கினால்

கண்ணாடிச் சுவரிலோ விரைவுச்சாலை வாகனத்திலோ மோதிய பறவை ஒரு பக்க இறக்கை தரையைத் தொடும்படி தொங்கவிட்டு நிற்கும். பார்த்ததும் எலும்பு முறிந்துவிட்டது என்போம். பல நேரம் அது சரிதான், ஆனால் எப்போதும் அல்ல. நரம்பு போகும் வழி தெரிந்தவருக்கு, எந்த இடத்திலிருந்து தொங்குகிறது என்பதே ஒரு தடயம்.

தோள் நன்றாக அசைகிறது, ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் விரிக்க முடியவில்லை என்றால், மேற்கை எலும்பைச் சுற்றும் இடத்தில் ரேடியல் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். இறக்கை மடங்கி அழகாக இருக்கிறது, ஆனால் தோள் மட்டத்துக்கு மேலே தூக்க முடியவில்லை என்றால், நரம்பு நலமாக இருந்து, மார்பையும் தோளையும் இணைக்கும் கோரகாய்டு எலும்பு முறிந்திருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். இரண்டு இறக்கையும் ஒருசேரத் தொங்கி, பறவையும் சோர்ந்திருந்தால் மோதலை விட்டுவிட்டு வேறு காரணத்தைத் தேட வேண்டும். கழுகுகளில் ஈய நச்சு இப்படி வெளிப்படுவது தெரிந்த ஒன்று.

மிக மோசமானது, தோள் முதல் நுனிவரை முழு இறக்கையும் உணர்வின்றித் தொங்குவது. மோதும் வேகத்தில் இறக்கை பின்னோக்கி இழுபட்டு, புய நரம்புப் பின்னலின் வேர்கள் தண்டுவடத்திலிருந்தே பிய்ந்து வந்துவிடும். எலும்பு ஒன்றும் முறியாமல்கூட இது நடக்கலாம். மருத்துவர் இறக்கையின் தோலை இடுக்கியால் அழுத்திப் பார்ப்பார். இறக்கை விலுக்கென்று உள்ளே இழுத்தால் தண்டுவடம்வரை வழி இருக்கிறது. பறவை திரும்பிப் பார்த்தாலோ கொத்த வந்தாலோ வலி மூளைவரை போகிறது. இரண்டும் இல்லையென்றால் செய்தி கவலைக்குரியது.

நரம்புக் காயங்களை மூன்று நிலைகளாகப் பிரித்தவர் பிரிட்டனின் ஹெர்பர்ட் செடன். ஆண்டு 1943. மனிதர்களுக்காக வகுத்தது என்றாலும் பறவை மருத்துவர்களும் அதையே பின்பற்றுகிறார்கள். முதல் நிலையில் நரம்பு நசுங்கி அதிர்ச்சியில் வேலைநிறுத்தம் செய்கிறது, இழை அறுபடவில்லை. சில நாட்களிலோ வாரங்களிலோ தானாகச் சரியாகும். இரண்டாவது நிலையில் உள்ளே இழை அறுந்திருக்கும், வெளியுறை அப்படியே இருக்கும். உறைக்குள்ளேயே இழை மறுபடி வளரும், நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வேகத்தில். மூன்றாவதில் உறையும் சேர்த்து அறுந்துவிடும். தானாகச் சேர்வதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. வேரோடு தண்டுவடத்திலிருந்து பிய்ந்தால் வளர்வதற்குத் தொடக்கமே இல்லாமல் போகிறது.

நாளுக்கு 1 மி.மீ. என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். காயத்திலிருந்து தசைவரை 20 செ.மீ. தூரம் என்றால் 200 நாள் ஆகும். அதற்குள் வேலையில்லாத தசை மெலிந்துவிடும், மூட்டு இறுகிவிடும், முன் ஓரத் தோல் மடிப்பு சுருங்கிவிடும். அதனால்தான் முறிவுக்குக் கட்டுப் போட்டாலும் அதை நீண்ட காலம் விட்டுவைக்காமல், இடையிடையே பறவையை மயக்கத்தில் வைத்து இறக்கையை விரித்து மடக்கிப் பயிற்சி கொடுக்கிறார்கள். வீட்டில் வளர்க்கும் கிளிக்கு இறக்கை கொஞ்சம் தொங்கினாலும் வாழ்ந்துவிடும். இரையைப் பாய்ந்து பிடித்து உண்ண வேண்டிய வல்லூறுக்கு, திரும்பக் கிடைத்தது முக்கால் பங்கு அசைவு என்றால் காட்டில் பட்டினிதான். எனவே இவற்றை விடுவிப்பதா வேண்டாமா என்ற முடிவு மற்றப் பறவைகளைவிடக் கடினமானது. அதை எடுக்கும் மருத்துவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

உங்கள் புளோக்கின் கீழே அப்படி ஒரு பறவையைப் பார்த்தால்

இறக்கையைப் பிடித்து விரித்துப் பார்க்காதீர்கள். நல்லெண்ணத்தோடு செய்யும் இந்தக் காரியம்தான் அதிகக் கேடு தரும். மேற்கை எலும்பு முறிந்திருந்தால் அதன் கூரிய முனை, ஒட்டிக் கிடக்கும் ரேடியல் நரம்பை அறுத்துவிடலாம். மோதலில் தப்பித்த நரம்பு நம் கையால் போய்விடும். காயத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவவும் கூடாது. பருந்தின் மேற்கை எலும்பு உள்ளே பொள்ளலாக, மூச்சுக்கான காற்றுப்பைகளோடு இணைந்திருக்கிறது. முறிந்த எலும்பு வழியாகத் தண்ணீர் அங்கே போய்விடும். உணவும் தண்ணீரும் ஊட்ட வேண்டாம். நகங்கள் ஆபத்தானவை, கவனம்.

தடித்த துண்டு ஒன்றை மேலே போர்த்தினால் இருட்டில் பறவை அடங்கும். முடிந்தால் காற்றுத் துளையுள்ள அட்டைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண்ணையோ ஏக்கர்ஸ் என்ற வனவிலங்கு மீட்பு அமைப்பையோ அழையுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பராமரிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், பறவைக்கும் நல்லதல்ல.

தொலைபேசியில் அவர்கள் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்லக்கூடியவை சில இருக்கின்றன. எந்தப் பக்க இறக்கை தொங்குகிறது, அல்லது இரண்டுமா? தோளிலிருந்தே தொங்குகிறதா, மணிக்கட்டுக்கு அப்பால் மட்டும் தளர்ந்திருக்கிறதா? நீங்கள் நெருங்கியபோது அந்த இறக்கையை அசைக்க முயன்றதா? கால்களில் நிற்கிறதா? பக்கத்தில் கண்ணாடிச் சுவர் இருக்கிறதா, சாலையோரமா? தூரத்தில் நின்றபடியே ஒரு காணொளி எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. பறவை அடங்கி ஒடுங்கிவிட்ட பிறகு மருத்துவரின் மேசையில் தெரியாத அசைவுகள் அதில் பதிவாகியிருக்கும்.